சட்டிக்கு உறை தைக்க: பபிள் ஷீட்டா, யோகா பாயா, கம்பளியா?

கல்லிடை சைக்கிள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ரெண்டு பேருக்குச் சமைக்குத அலுமினியச் சட்டி ஒண்ணுக்கு உறை தைக்கணும். வெளி விட்டம் 16 செ.மீ., உயரம் 9 செ.மீ., தட்டை மூடி, அதுக்கு மேல ஒரு குமிழ், பக்கத்துக்கு ஒண்ணா மடக்குத கைப்பிடி ரெண்டு. அடுப்பு 225 கிராம் பியூட்டேன் டப்பா போடுத ரகம். ஒரு கொதி வந்ததும் இறக்கி உறைக்குள்ள வச்சுட்டா, மிச்ச வேக்காடு சட்டியோட சூட்டுலயே முடியணும். பாட் கோஸின்னு சொல்லுதாங்கள்லா, அதுதான்.

கையில இருக்குத சாமான்: கூரைத் தகரத்துக்கு அடியில போடுத, ரெண்டு பக்கமும் வெள்ளியா இருக்குத 4 மி.மீ. பபிள் ஷீட்டு. 6 மி.மீ. யோகா பாய் ஒண்ணு. பழைய கம்பளி ஒண்ணு. இதுல எது தேறும்? வெள்ளி மினுக்கம் உள்பக்கம் வரணுமா, வெளிப்பக்கமா? எவ்வளவு தடிமன் போதும்? டீவி அட்டைப்பெட்டியில வந்த தெர்மோகோலும் கிடக்கு, அதைச் சேக்கலாமா?

டக்ட் வேலை

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். தெர்மோகோல் வேண்டாம். 80 டிகிரியைத் தாண்டினாலே சுருங்க ஆரம்பிச்சிரும். கொதிச்ச சட்டி 95க்கு மேல இருக்கும். ஒரு தடவை வச்சு எடுத்தா சட்டி வடிவத்துக்குக் குழி விழுந்து கிடக்கும்.

இந்த வேலையில எல்லாரும் வெள்ளித் தாளைத்தான் பெரிசா நினைக்கிறாங்க. சூட்டைப் பிடிச்சு வைக்கிறது அசையாம அடைபட்ட காத்து. வெள்ளிப் பரப்பு கதிர்வீச்சுச் சூட்டை மட்டும்தான் திருப்பி அனுப்பும், அதுக்கும் அது முன்னால கொஞ்சம் காத்து இடைவெளி வேணும். சட்டியோட ஒட்டி உரசிக்கிட்டு இருந்தா அலுமினியம் வெறும் கடத்தி. அதனாலதான் சமையல்கட்டு அலுமினியத் தாளை நாலு சுத்து சுத்தினாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. மினுக்கம் உள்ளயா வெளியயாங்கிற கேள்விக்கும் இதே பதில்தான்: உங்க ஷீட்டு ரெண்டு பக்கமும் வெள்ளி, எப்படி வச்சாலும் ஒண்ணுதான். அதுல உங்களுக்கு உதவுறது குமிழுக்குள்ள இருக்கிற காத்து.

தடிமனுக்குக் கணக்கு போட்டுப் பாத்துரலாம். சட்டிக்குள்ள 1.2 லிட்டர், 97 டிகிரியில தொடக்கம், வெளியில 30 டிகிரி, காத்து இல்லை. நல்ல ஃபோம், கம்பளி, பஞ்சு எல்லாம் கடத்துற அளவு ஏறக்குறைய ஒண்ணுதான் (மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.035ல இருந்து 0.04 வாட்). அரை மணி நேரத்துல எவ்வளவு இறங்கும்னா:

வெறும் சட்டி: சுமார் 19 டிகிரி
4 மி.மீ. உறை: 10 டிகிரி
1 செ.மீ.: 6 டிகிரி
2 செ.மீ.: 4 டிகிரிக்குக் கொஞ்சம் மேல
3 செ.மீ.: மூணரை

முதல் சென்டிமீட்டர்ல கிடைக்கிற லாபம் அடுத்ததுல இல்லை. பையில தூக்கிட்டுப் போறதுக்கு 1.2 - 1.5 செ.மீ. போதும். அதுக்கு மேல போனா எடையும் இடமும்தான் கூடும்.

ஆனா இந்தக் கணக்கு மூடி இறுக்கமா இருந்தாத்தான். 10 கிராம் தண்ணி ஆவியாப் போனாலே அந்த 1.2 லிட்டர் நாலரை டிகிரி குளிர்ந்துரும். 1 செ.மீ.ல இருந்து 2 செ.மீ.க்குப் போய்ச் சம்பாதிக்கிறதைப் போல ரெண்டு மடங்கை, மூடி இடுக்கு சத்தமில்லாம தின்னுரும். உறையோட மேல்மூடிதான் முக்கியம். பக்கத்தை அழகாச் செஞ்சுட்டு மேல ஒரு துண்டைப் போட்டு மூடுறவங்கதான் "உறை வேலை செய்யலை"ன்னு சொல்றவங்க.

உங்க மூணு சாமானும் உதவும், வரிசைதான் விஷயம். சட்டியைத் தொடுற அடுக்கு சூட்டைத் தாங்கணும்.

உள்ளே கம்பளி ரெண்டு மடிப்பு, ஏறக்குறைய 5 மி.மீ. அதுக்கு வெளிய பபிள் ஷீட்டு ரெண்டு சுத்து, 8 மி.மீ. மொத்தம் 13. பபிள் ஷீட்டு பாலித்தீன். அடுப்புல இருந்து எடுத்த உடனே சட்டியோட அடி 100க்கு மேல இருக்கும், நேரா வச்சா குமிழ் எல்லாம் அமுங்கி ஒட்டிப்போகும். கம்பளி நடுவுல இருந்தா அந்தப் பிரச்சினை இல்லை. அப்படியும் இறக்கினதும் ஒரு கல்லு மேல 30 விநாடி வச்சுட்டு அப்புறம் உறைக்குள்ள விடுங்க.

கம்பளி நிஜமாவே ஆட்டு ரோமமான்னு பாருங்க. ஒரு நூலை உருவி நெருப்புல காட்டினா தலைமுடி கருகுற நாத்தம் வந்து, நசுக்கினா பொடியாகும். உருகி மணி மாதிரி கெட்டியா நின்னா அது அக்ரிலிக், சட்டிக்குப் பக்கத்துல வேண்டாம்.

யோகா பாயைத் தண்ணியில போடுங்க. லேசா இருந்து மேல மிதந்தா ஈ.வி.ஏ.ங்கிற ஃபோமா இருக்கும். 70-80 டிகிரியிலயே இளகுற சாமான், அதனால கடைசி வெளி அடுக்குக்கு மட்டும். கனமா, கையில ஒட்டுற மாதிரி, பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சா பி.வி.சி. அதைச் சோத்துப் பக்கமே கொண்டுவராதீங்க.

தொலி உளுந்து

தம்பி, உறை எப்படி இருந்தாலும் உள்ள என்ன வைக்கிறோம்ங்கிறதைப் பொறுத்துத்தான் பலன். அரிசி மாவுப்பொருள் வேக 75 டிகிரிக்குக் கொஞ்சம் கூட இருந்தாப் போதும். பருப்பு குழைய 90ஐ ஒட்டி இருக்கணும். அதனால சோத்துக்கு உறை கெட்டிக்காரன், துவரம்பருப்புக்கு அரைகுறை.

சட்டி நிறைய நிறையச் சூடு நிக்கும். மூணுல ரெண்டு பங்காவது நிரம்பணும். பாதிச் சட்டியில ஒருத்தருக்குக் கஞ்சி வச்சுட்டு ஆறிப்போச்சேன்னா யார் தப்பு?

பச்சரிசி 350 கிராம், அரை மணி ஊறணும். தண்ணி 750 மி.லி. கொதி வந்தபிறகு 5 நிமிஷம் கிண்டி, மூடி, உறையில 25 நிமிஷம். அம்பை 16 புழுங்கல்னா ஒரு மணி நேரம் ஊறவச்சு, 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, 40 நிமிஷம் உள்ள. வீட்டுல திறந்த பானையில வைக்கிற தண்ணி அளவை அப்படியே இங்க வைக்கக் கூடாது. ஆவி போகாததால கால் டம்ளர் மிஞ்சிக் கொழகொழன்னு வந்துரும்.

உளுந்தஞ்சோறு இதுக்குன்னே பிறந்தது. அரிசி 200 கிராமுக்கு உடைச்ச தொலி உளுந்து 100 கிராம், பூண்டு பத்துப் பல், வெந்தயம் அரை ஸ்பூன். உளுந்தை லேசா வறுத்து ரெண்டையும் சேர்த்தே ஊறவச்சு, 10 நிமிஷம் கொதி, 40 நிமிஷம் உறை. தேங்காய்ப்பூ கடைசியில. கூட்டாஞ்சோறுன்னா துவரம்பருப்பை வீட்டுலயே பாதி வேகவச்சு எடுத்துக்கணும். முருங்கைக்கீரையை உறைக்குள்ள வைக்கிற நேரத்துல தூவினாப் போதும், முன்னாடி போட்டா கறுத்துப்போகும்.

சிறுபருப்பு ஊறியிருந்தா 10 நிமிஷக் கொதிக்கு 30 நிமிஷம். துவரைக்கு நடுவுல ஒரு தடவை எடுத்து மறுபடி கொதிக்கவைக்கணும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணியில பருப்பு உறையில வேகவே வேகாது, நல்ல தண்ணி கொண்டுபோங்க.

ராஜ்மா மட்டும் உறையில வேண்டவே வேண்டாம். அதுல ஒரு நச்சு இருக்கு. ஊறவச்ச தண்ணியைக் கொட்டிட்டுக் குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிச்சாத்தான் அது முறியும். 80 டிகிரியில மெதுவா வெந்தா நச்சு போகாம கூடுதலாகூட ஆகும், வாந்தியும் வயித்துப்போக்கும்தான் மிச்சம்.

இன்னொண்ணு. மத்தியானம் வச்ச சோறு ராத்திரிக்கும் சூடா இருக்கும்னு உறையில விட்டுவைக்காதீங்க. 60 டிகிரிக்குக் கீழ இறங்கி வெதுவெதுன்னு இருக்கிறதுதான் சோத்துல கிருமி பெருகத் தோதான நேரம். நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சுருங்க.

பனங்காட்டான்

டக்ட் அண்ணாச்சி சொன்னது முதுகுப்பைக்காரங்களுக்கு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல குடில் போட்டுத் தங்குத மாதிரி ஒரே இடத்துல இருக்கப் போறவங்களுக்கு எடை ஒரு பொருட்டா? அவங்களுக்கு ஃபோமே வேண்டாம். கடவாப்பெட்டி ஒண்ணு, இலவம்பஞ்சு முக்காக் கிலோ, பழைய வேட்டி ஒண்ணு, தீந்துது.

அஞ்சு லிட்டர் சட்டிக்கு, சட்டியை விட எல்லாப் பக்கமும் 6 செ.மீ. அகலமா இருக்குத பனையோலைப் பெட்டியா எடுங்க. அடியில பஞ்சு மெத்தை 6 செ.மீ. சுத்திலும் வைக்குததுக்கு ஒரு நீள மெத்தை. மேல மூட ஒரு திண்டு, அது பெட்டி வாயை விடப் பெரிசா இருந்து அமுக்கி மூடணும். இலவம்பஞ்சைச் சும்மா அடைச்சா ரெண்டாம் நாளே ஒரு மூலைக்கு ஓடிரும். 6 செ.மீ.க்கு ஒரு தையல் கட்டம் கட்டமாப் போட்டுருங்க. பஞ்சு கிடைக்கலைன்னா காஞ்ச வைக்கோலைக் கையால திணிச்சாலும் ஓடும், தடிமன் மட்டும் 10 செ.மீ.க்குக் குறையாம இருக்கணும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் சூடாறாப்பெட்டின்னு விக்கிறாங்கள்லா, அதுவும் இதே வேலைதான், ஸ்டீல்ல.

பத்தமடைப் பாயைச் சுத்தலாமான்னு அடுத்து ஒருத்தர் கேப்பாரு. கோரைக்கு நடுவுல இடுக்கு இருக்கு, காத்து உள்ள வந்து வெளிய போகும். வெளிச்சட்டையாப் போட்டா அழகு, சூட்டுக்கு அது கணக்குல சேராது.

ஒரு எச்சரிக்கை: இலவம்பஞ்சு ஒரு பொறி பட்டாப் போதும், குப்புன்னு பிடிக்கும். பெட்டி அடுப்புல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளித்தான் இருக்கணும். சட்டி அடியில கங்கு ஒட்டியிருக்கான்னு ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் இறக்கணும். விறகடுப்புக் கரியும் அப்பத்தான் வேட்டியில ஒட்டாது.

களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள்ள எங்க தங்கலாம், எங்க அடுப்பு பத்த வைக்கலாம்ங்கிறதை வனத்துறையில கேட்டுக்கிட்டுப் போங்க. சோதனைச்சாவடியில பிளாஸ்டிக்கை எடுத்து வச்சுக்கிட்டா அப்புறம் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. துணியும் ஓலையும்னா அந்தப் பேச்சே வராது.

கல்லிடை சைக்கிள்

ரொம்ப நன்றி. யோகா பாய் தண்ணியில முங்கிட்டு, நாத்தமும் அடிக்குது, அதனால ஒதுக்கியாச்சு. கம்பளி நூல் பொடியாச்சு. இனி வெட்டுத அளவு சொல்லுங்க டக்ட் அண்ணாச்சி. மூடிக் குமிழ் 2 செ.மீ. நிக்குது, அதுக்கு என்ன செய்ய? குற்றாலச் சாரல்ல கம்பளி நனைஞ்சா?

டக்ட் வேலை

குமிழைக் கழட்டிருங்க. பெரும்பாலும் ஒரே ஒரு திருகாணிதான். அந்த ஓட்டையில தட்டைத் தலைத் திருகாணி ஒண்ணைப் போட்டு, அதுக்குக் கீழ நாடாத் துணியில ஒரு காது மாட்டி முடுக்குங்க. மூடி தட்டையாகிரும், உறை மேல நேரா உக்காரும். குமிழை வச்சுக்கிட்டு மேல்மூடியில ஓட்டை போடுறது ஆவிக்கு வாசல் வைக்கிறதுதான்.

அளவு 13 மி.மீ. தடிமனுக்கு. சட்டிக்கும் உறைக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் 2 மி.மீ. தளர்வு, ஆக உள்விட்டம் 16.4 செ.மீ.

அடிவட்டம்: விட்டம் 19 செ.மீ., சுவர் இதுக்கு மேல நிக்கும்.
சுவர்ப் பட்டை: 55.5 செ.மீ. நீளம், 9.5 செ.மீ. உயரம்.
மேல்மூடி வட்டம்: விட்டம் 22 செ.மீ.
மேல்மூடிப் பாவாடை: 65.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். இது சுவருக்கு வெளிப்பக்கமா இறங்கும்.

பட்டை நீளத்துல எல்லாரும் செய்ற தப்பு, சட்டியைச் சுத்தி நூல் பிடிச்சு அதையே வெட்டுறது. 50 செ.மீ.தான் வரும். தடிமனான சாமான் வளையும்போது அளவு நடு அடுக்குல நிக்கும், அதனால உறையோட உள்விட்டத்தோட ஒரு தடிமனையும் கூட்டித்தான் 3.14ஆல பெருக்கணும். குறைச்சு வெட்டி இழுத்து ஒட்டினா உறை நசுங்கும். நசுங்கின இடத்துல காத்து இல்லை, உறையும் இல்லை.

நீங்க அடுக்கடுக்கா வைக்கிறதால பபிள் ஷீட்டு ரெண்டு சுத்தையும் தனித்தனியா வெட்டுங்க. வெளிச்சுத்து உள்சுத்தை விட இரண்டரை செ.மீ. நீளம் கேக்கும். ரெண்டோட மூட்டும் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும், மேல மேல வந்தா ஒரு நேர்கோட்டு இடுக்கு கிடைச்சிரும். மூட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம முட்டவச்சு, ஏசி டக்ட்டுக்கு ஒட்டுற 5 செ.மீ. அலுமினியத் தேப்பு போடுங்க.

கைப்பிடிக்கு ஜன்னல் வெட்டாதீங்க. மேல் விளிம்புல இருந்து கைப்பிடித் தகடு வரைக்கும் நேரா ஒரு கீறல், எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. பாவாடை இறங்கினதும் ரெண்டு கீறலும் மூடிக்கும்.

கம்பளி நனையுறதுக்கு: சட்டியைத் தொடுற இடத்துல தனியா ஒரு வேட்டித் துணிப் பை தைச்சுச் செருகி வைங்க. பொங்கி வழிஞ்சா அதை மட்டும் உருவி அலசிரலாம். சாரல் சீசன்ல கம்பளி காயாது, மூணாம் நாள் பூஞ்சை நாத்தம் வரும். அதுதான் உங்க கவலைன்னா கம்பளி, பபிள் ரெண்டையும் விட்டுட்டு 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட்டுக்குப் போயிருங்க. ஏசி குழாய்க்கு மேல கறுப்பாப் போடுறோமே, அதேதான். 105 டிகிரி வரை தாங்கும், தண்ணி குடிக்காது, சட்டியைத் தொட்டுக்கிட்டே இருக்கலாம், மேல சொன்ன அளவே பொருந்தும். மொத்தத் துண்டும் கால் சதுர மீட்டருக்குள்ள அடங்கிரும், ஏசி வேலை செய்றவங்ககிட்ட வெட்டு மிச்சமே போதும். உறை எடை 100 கிராமை ஒட்டி வரும். புதுசுல ரப்பர் நாத்தம் இருக்கும், ரெண்டு நாள் நிழல்ல காத்தாட விடுங்க. கண்ணாடிப் பஞ்சு மிச்சம் கொடுத்தா வாங்காதீங்க, தூசி சோத்துல விழும்.

மணிமுத்தாறு மேடு

ஒட்டுறதைப் பத்தி யாரும் சொல்லலை. க்ளூ கன் பசை வேண்டாம், சட்டிச் சூட்டுலயே இளகி மூட்டு விட்டுரும். செல்லோ தேப்பும் அப்படித்தான். நைட்ரைலுக்கு ரப்பர் சொல்யூஷன்: ரெண்டு முகத்துலயும் தடவி, விரல் வச்சா ஒட்டாத பதம் வரும்வரை, அஞ்சு பத்து நிமிஷம் காயவிட்டு, அப்புறம் ஒரே அமுக்கு. ஈரத்தோட ஒட்டினா பிடிக்காது, ஒட்டினதை நகத்தவும் முடியாது, குறி போட்டுட்டு வைங்க. அதை மட்டும் நம்பாம ஒன்றரை செ.மீ.க்கு ஒரு தையல் தடிநூல்ல போட்டா பசை விட்டாலும் உறை நிக்கும்.

உயரத்தையும் கணக்குல சேருங்க. 300 மீட்டர் ஏறினா கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மாஞ்சோலைக்கு மேல ஊத்து, குதிரைவெட்டிப் பக்கம் 1,000 மீட்டரைத் தாண்டிருவோம், கொதிக்கிறதே 96 டிகிரியை ஒட்டித்தான். ராத்திரி வெளிச்சூடும் 15க்குப் பக்கம் இறங்கினா உறையில இருந்து போற சூடு கால் பங்கு கூடும். அங்க தொலி உளுந்து அக்கா சொன்ன கொதி நேரத்தோட 3 நிமிஷம், உறை நேரத்தோட 10 நிமிஷம் கூட்டிக்கணும். காத்தடிக்கிற இடத்துல உறையைத் தரையில வைக்காம பைக்குள்ள வைங்க. ஈரத் தரை அடிப்பக்கத்துச் சூட்டை உறிஞ்சும்.

எரிவாயுக் கணக்குக்கு: இந்த மாதிரி அடுப்பு முழுத் தீயில மணிக்கு 150 கிராம் வரை குடிக்கும். மூணுல ஒரு பங்கு தீயில வச்சாலும் 20 நிமிஷத்துக்கு 16-17 கிராம். உறை மிச்சம் பிடிக்கிறது அதைத்தான். கொதிக்கவைக்கிறதுக்கு ஆகிற வாயுவுல ஒரு கிராம்கூடக் குறையாது.

உறை போட்ட சட்டியை மறந்துபோய் அடுப்புல ஏத்துறது வருஷா வருஷம் நடக்கிறது. எரியிற அடுப்புல உறைக்கு வேலையே கிடையாது, டப்பாவைச் சுத்தியும் வைக்கக் கூடாது.

டக்ட் வேலை

தைச்சு முடிச்சதும் அரிசியைப் போடாதீங்க, முதல்ல வெறும் தண்ணி. 1.2 லிட்டர் கொதிக்கவச்சு, உறையில ஒரு மணி நேரம் விட்டு, வெப்பமானியால பாருங்க. வீட்டுக்குள்ள 82-85 இருந்தா தையல் சரி. 75க்குக் கீழன்னா எங்கயோ ஒழுகுது. உள்ள கொதிதண்ணியோட உறையை மூடி, சுத்தி உள்ளங்கையைக் கொண்டுபோங்க. ஆவி பட்டு ஈரமாகிற இடம் மேல்மூடி விளிம்பாத்தான் இருக்கும். பாவாடைக்கு உள்பக்கம் 2 செ.மீ. அகலத்துக்குக் கம்பளித் துண்டு ஒண்ணு ஒட்டினா இறுகிரும்.

கல்லிடை சைக்கிள்

குமிழைக் கழட்டியாச்சு, திருகாணி நாலு மி.மீ. ரகம். நைட்ரைல் மிச்சத்துண்டு 19 மி.மீ.தான் கிடைக்குதாம். அதுக்கு அளவு மாறுமா அண்ணாச்சி?

டக்ட் வேலை

மாறும். அடிவட்டம் 20.2, சுவர் 57.5, பாவாடை 71.5, மேல்மூடி வட்டம் 24.6. சுவர் உயரமும் பாவாடை அகலமும் அப்படியே. எடை அரைப்பங்குக்கு மேலயே கூடும், வளைக்கவும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்பக்கம் 2 செ.மீ.க்கு ஒண்ணா 5 மி.மீ. ஆழத்துக்குக் கத்தியால கீறிவிட்டு வளைங்க.